ஊக்கைத் தந்தவர் ஏன் பணக்காரர் ஆகவில்லை? வோல்டர் ஹன்டின் கண்டுபிடிப்புகளும் காப்புரிமையின் கணக்கும்

எழுத்தில் அதை ஊக்கு என்கிறோம். பேச்சில் நம்மில் பலருக்கு அது சட்டைப்பின். சேலை மடிப்பை நிறுத்தவும், பொத்தான் அறுந்த சட்டையை அவசரத்துக்கு மூடவும், பாவாடைக்கு நாடா கோர்க்கவும், பாடசாலைப் பிள்ளையின் சின்னத்தைக் குத்தவும் அது வேண்டும். தாலிக்கொடியில் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோர்த்து வைத்திருக்கும் அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சிறு பொருளுக்கும் பெயர், திகதி, இலக்கம் எல்லாம் கொண்ட ஒரு பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

1849 ஏப்ரல் 10 ஆம் திகதி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 6,281 ஆம் இலக்கக் காப்புரிமையை வழங்கியது. கண்டுபிடித்தவர் பெயர் வோல்டர் ஹன்ட். பொருளின் பெயராக அந்த ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பதைத் தமிழில் சொன்னால் ‘சட்டைப்பின்’ என்றுதான் வரும்.

இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற ஹன்ட், பெரிய தொழிற்சாலை எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர் செய்த பொருள்களைக் கொண்டு வேறு பலர் செல்வந்தர்களானார்கள். திறமையான ஒரு மனிதருக்கு ஏன் இப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால், காப்புரிமை என்றால் என்ன, அது யாருக்கு எப்போது உதவும், எப்போது கைவிடும் என்பதும் விளங்கும். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சிறு பட்டறைகளிலும் புதிய பொருள்களைச் செய்துகொண்டிருக்கும் நமது இளைஞர்களுக்கும் இந்தக் கதை தேவைப்படுகிறது.

வண்டி மணி முதல் காகிதக் கொலர் வரை

வோல்டர் ஹன்ட் 1796 இல் நியூயோர்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அந்தப் பகுதியில் ஆளி நாரை நூலாக நூற்கும் ஆலைகள் இருந்தன. நார் நூற்கும் இயந்திரம் ஒன்றைத் திருத்தமாகச் செய்து 1826 இல் அவர் தனது முதற் காப்புரிமையைப் பெற்றார். அதற்கு முதலீடு தேடி நியூயோர்க் நகரத்துக்குப் போனவர் பின்னர் அங்கேயே குடியேறினார்.

நகரத்துக்கு வந்ததும் குதிரை வண்டி மோதிச் சிறுபிள்ளை ஒன்று விழுந்ததை அவர் கண்டதாகச் சொல்லப்படுகிறது. அக்கால வண்டிக்காரர்கள் வழியில் நிற்பவர்களை எச்சரிக்க ஊதுகுழலை ஊதினார்கள். அதற்கு ஒரு கையைக் கடிவாளத்திலிருந்து எடுக்க வேண்டும். குதிரை மிரளும் அதே நேரத்தில்தான் இரண்டு கைகளும் கடிவாளத்தில் இருக்க வேண்டும். ஹன்ட் வண்டியின் அடியில் ஓர் உலோக மணியைப் பொருத்தி, அதைக் காலால் மிதித்து அடிக்கும்படி செய்தார். 1827 இல் இதற்கும் காப்புரிமை கிடைத்தது. அதன் உரிமையையும் அவர் விற்றுவிட்டார்.

அவரது வாழ்க்கை முழுவதும் இதே வழியில்தான் போனது. கத்தி தீட்டும் கருவி, வீட்டைச் சூடாக்கும் அடுப்பு, ஆணி செய்யும் இயந்திரம், மைக்கூடு, மை ஊற்றி எழுதும் பேனா, படகின் முன்புறத்தில் பொருத்தி ஆற்றுப் பனிக்கட்டியை உடைக்கும் கலப்பை, சப்பாத்துக் குதிகால் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களை அவர் செய்துகொண்டே இருந்தார். சேர்க்கஸ் கலைஞர்கள் தலைகீழாகக் கூரையில் நடப்பதற்கு உறிஞ்சிப் பிடிக்கும் பாதணி ஒன்றையும் செய்தார். 1854 இல் காகிதத்தால் செய்த சட்டைக் கொலருக்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளைக் கொலரைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடும் வேலையைக் குறைக்கும் பொருள் அது.

இவற்றுக்கிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லாம் வீட்டிலும் தெருவிலும் பட்டறையிலும் மனிதர்கள் அன்றாடம் படும் சிறு தொல்லைகளிலிருந்து தொடங்குகின்றன. எங்கே கை நோகிறது, எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்துச் செய்யப்பட்டவை. அவருக்குப் பின்னால் நிறுவனமோ, ஆய்வுகூடமோ, மாதச் சம்பளமோ இருக்கவில்லை. ஒரு பொருளை விற்ற பணத்தில்தான் அடுத்த பொருளைச் செய்ய முடிந்தது. அதனால் ஒவ்வொன்றையும் அவசரமாக விற்க வேண்டியிருந்தது.

ஒரே கம்பியில் மூன்று வேலை

துணியைக் குத்தி நிறுத்தும் ஊசி ஹன்டின் காலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பழைய கிரேக்கத்திலும் உரோமிலும் மக்கள் தோளில் அங்கியைப் பொருத்த உலோக ஊக்குகளை அணிந்தார்கள். அப்படியானால் 1849 இல் புதியது என்ன?

ஹன்ட் ஒரு துண்டுக் கம்பியை எடுத்தார். அதன் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சுற்று சுருள்வில்லாக வேலை செய்தது. கம்பியின் ஒரு நுனியைக் கூராக்கினார். மறு நுனியை வளைத்து, கூரான நுனி போய் ஒளிந்துகொள்ளும் கொளுவியாக மாற்றினார். சுருள் எப்போதும் கூரான கையை வெளிப்புறமாகத் தள்ளுவதால் அது கொளுவிக்குள் இறுகி நிற்கும். திறக்க வேண்டுமானால் சிறிது அழுத்தி விலக்க வேண்டும். தானாகக் கழன்று விழாது, விரலையும் குத்தாது.

பிணைச்சல் இல்லாததால் அது தேயாது. தனியாக ஒட்டிய பாகம் இல்லாததால் உடைந்து விழவும் ஒன்றுமில்லை. காப்புரிமை ஆவணத்தில் ஹன்ட் வலியுறுத்தியதும் இதைத்தான். ஊசி என்ற எண்ணத்துக்கு அவர் உரிமை கோரவில்லை. ஒரே கம்பி சுருள்வில்லாகவும் கொளுவியாகவும் ஊசியாகவும் அமையும் அந்தச் சேர்க்கைக்கே உரிமை கோரினார். பழைய பொருளில் செய்யப்படும் தெளிவான புதுத் திருத்தத்துக்கும் காப்புரிமை கிடைக்கும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

இதன் பின்னாலுள்ள கதை பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஹன்ட் ஒரு வரைஞருக்கு 15 டொலர் கடன்பட்டிருந்தார் என்றும், கடனைத் தீர்க்கும் யோசனையில் ஒரு கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்து, சில மணி நேரத்திலேயே ஊக்கின் வடிவத்தைக் கண்டடைந்தார் என்றும், அதன் முழு உரிமையையும் 400 டொலருக்கு விற்றார் என்றும் சொல்லப்படுகிறது. கடன் தீர்ந்தது. அதற்குப் பிறகு உலகெங்கும் விற்பனையான ஊக்குகளிலிருந்து அவருக்கு ஒரு சதம்கூட வந்து சேரவில்லை.

பதியப்படாமல் போன தையல் இயந்திரம்

ஊக்கின் கதை ஒரு குறைந்த விலைக்கு விற்ற கதை. தையல் இயந்திரத்தின் கதை அதைவிடப் பெரியது.

கையால் தைக்கும் ஊசியில் துளை பின்முனையில் இருக்கும். முழு ஊசியும் துணியைக் கடந்து மறுபக்கம் போய், மீண்டும் திரும்பி வர வேண்டும். தைக்கும் இயந்திரம் செய்ய முயன்ற பலர் இந்தக் கை அசைவை அப்படியே இயந்திரத்தில் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார்கள். ஹன்ட் 1830 களின் தொடக்கத்தில் வேறு வழியில் போனார். துளையை ஊசியின் கூர்முனைக்கு அருகில் வைத்தார். ஊசி துணிக்குள் இறங்கும்போது மேல் நூலையும் இழுத்துக்கொண்டு போகும். சற்றே மேலெழும்பும்போது துணியின் அடியில் நூல் ஒரு சிறு கண்ணியாக விரியும். அந்தக் கண்ணிக்குள் இரண்டாவது நூலுடன் ஓர் ஓடம் புகுந்து வெளியேறும். ஊசி மேலே போனதும் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அதனால்தான் அதற்குப் பூட்டுத் தையல் என்று பெயர்.

இன்று நமது வீடுகளில் மிதித்து ஓட்டும் இயந்திரத்தில் பொபின் செய்யும் வேலை இந்த ஓடத்தின் வேலைதான். ஆடைத் தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்களில் பெரும்பகுதியும் இதே தத்துவத்தில்தான் தைக்கின்றன.

ஹன்டின் இயந்திரம் குறையற்றது என்று சொல்ல முடியாது. நேராக, குறுகிய தூரமே தைத்தது. துணியைச் சீராக நகர்த்தும் முறை அதில் தேறவில்லை. ஆனால் முக்கியமான முடிச்சு அவிழ்ந்திருந்தது. அப்படியிருந்தும் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை.

அவரது மகள் கரோலைன் இந்த இயந்திரத்தைக் கொண்டு பெண்களுக்கான உள்ளாடை தைக்கும் தொழில் தொடங்க மறுத்தார் என்றும், கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வேலை போய்விடும் என்று அவர் அஞ்சினார் என்றும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்பவர் 1830 இல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, இராணுவச் சீருடை தைக்கும் பட்டறையை நடத்தியபோது, வேலை இழக்கப் பயந்த தையற்காரர்கள் அந்தப் பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். ஹன்டைப் பொறுத்தவரை பணமும் ஒரு காரணம். இயந்திரத்தைத் திருத்திச் சந்தைக்குக் கொண்டுவர முதலீடு வேண்டும். அவர் அதன் உரிமைப் பங்கை ஜோர்ஜ் அரோஸ்மித் என்பவருக்கு விற்றார். அரோஸ்மித்தும் அதைப் பதியவில்லை. இயந்திரம் ஒரு மூலையில் துருப்பிடித்தது.

முதலில் செய்தவரா, முதலில் பதிந்தவரா?

1846 செப்டெம்பர் 10 ஆம் திகதி மசாசூசெட்ஸைச் சேர்ந்த எலியாஸ் ஹோவ் என்ற இளம் இயந்திர வினைஞர், கூர்முனையில் துளையுள்ள ஊசியும் ஓடமும் கொண்ட தனது தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் அவருக்கும் வறுமைதான் கிடைத்தது. இங்கிலாந்து சென்று உரிமையைச் சொற்ப விலைக்கு விற்று, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார். திரும்பி வந்தபோது அமெரிக்காவில் பலர் தையல் இயந்திரங்களைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஐசாக் சிங்கர். ஹோவ் வழக்குத் தொடர்ந்தார்.

ஹோவின் காப்புரிமையை உடைக்க வழி தேடிய சிங்கர் தரப்பு, பழைய ஹன்ட் இயந்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. ஹோவுக்கு முன்னரே ஒருவர் இதைச் செய்திருந்தால் ஹோவின் உரிமை செல்லாது என்பது அவர்களின் வாதம். 1853 இல், அதாவது இயந்திரத்தைச் செய்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், ஹன்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1854 இல் காப்புரிமை ஆணையாளர் சார்ள்ஸ் மேசன் தீர்ப்பளித்தார். ஹன்டே முன்னவர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஹன்ட் தனது கண்டுபிடிப்பை விற்றுவிட்டு நீண்டகாலம் கைவிட்டிருந்ததால், அதற்கு இப்போது காப்புரிமை கேட்க முடியாது என்றார். ஹோவின் காப்புரிமை நிலைத்தது. முதலில் செய்தவர் என்ற பெயர் ஹன்டுக்கு, உரிமையும் பணமும் ஹோவுக்கு.

சிங்கர் ஹோவுக்கு 15,000 டொலர் செலுத்தி உடன்பட்டார். 1856 இல் முக்கிய தையல் இயந்திர உற்பத்தியாளர்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டபோது, அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஹோவுக்கு 5 டொலர் என்று முடிவாகியது. 1867 இல் இறந்தபோது ஹோவ் பெரும் செல்வந்தர். ஹன்டின் வடிவமைப்புக்காக 50,000 டொலரைத் தவணையாகத் தர சிங்கர் 1858 இல் இணங்கியதாகப் பதிவுகள் சொல்கின்றன. பணம் கைக்கு வருமுன், 1859 ஜூன் 8 ஆம் திகதி, ஹன்ட் நிமோனியாவால் இறந்துவிட்டார். ஹன்டும் ஹோவும் நியூயோர்க் புரூக்ளினிலுள்ள கிரீன்வூட் மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. அந்தப் பெயர் பொறித்த கறுப்பு இயந்திரங்கள் நமது வீடுகளில் சீதனமாகவும் பரம்பரைச் சொத்தாகவும் கைமாறின. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்ததும் தையல் இயந்திரம்தான். ஏழைத் தையற்பெண்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்று அஞ்சப்பட்ட இயந்திரம், இன்னொரு நூற்றாண்டில் இன்னொரு நாட்டில் அத்தகைய பெண்களுக்கே பிழைப்பானது. அதே இயந்திரம் வரிசையாக அடுக்கப்பட்ட தொழிற்சாலைகளில் குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுவதும் குனிந்து தைப்பவர்களும் பெண்களே. எனவே கரோலைனின் கேள்வி முற்றிலும் பழையதாகிவிடவில்லை.

ஹன்டின் கைகளிலிருந்து வந்த இன்னொரு பொருள் துப்பாக்கி. 1848 இல், தனக்குள்ளேயே வெடிமருந்தை வைத்திருக்கும் குண்டுக்கும், 1849 இல் ஊக்கின் காப்புரிமைக்குச் சில மாதங்கள் கழித்து, குழாயில் குண்டுகளை அடுக்கித் தொடர்ந்து சுடக்கூடிய துப்பாக்கிக்கும் அவர் காப்புரிமை பெற்றார். அதுவும் விற்கப்பட்டது. லூயிஸ் ஜெனிங்ஸ், ஸ்மித், வெசன் என்று பலர் கையில் திருத்தப்பட்டு, கடைசியில் வின்செஸ்டர் துப்பாக்கியின் முன்னோடியானது. சட்டைப்பின்னும் துப்பாக்கியும் ஒரே ஆண்டில் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. கண்டுபிடிப்பவரின் கையை விட்டுப் போன பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதை அவரால் தீர்மானிக்க முடிவதில்லை.

காப்புரிமை என்பது என்ன?

காப்புரிமையைச் சிலர் பரிசு என்றும், சிலர் தரச்சான்றிதழ் என்றும் நினைக்கிறார்கள். அது ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தனது பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறர் செய்துபார்க்கக்கூடிய அளவுக்கு எழுதி வெளியிட வேண்டும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலத்துக்குத் தனது அனுமதியின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு அவருக்குக் கொடுக்கிறது. ஹன்டின் காலத்தில் அமெரிக்காவில் அந்தக் காலம் 14 ஆண்டுகள். இப்போது பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் சொந்தம். ஊக்கு இன்று இவ்வளவு மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று நிபந்தனைகள் உண்டு. பொருள் உலகில் எங்கும் முன்னர் வெளிப்படாத புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்த ஒருவருக்குச் சாதாரணமாகத் தோன்றிவிடாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் எண்ணத்துக்குக் காப்புரிமை இல்லை.

இந்த உரிமை தடுக்கும் உரிமை மட்டுமே, பணத்தை அது தானாகக் கொண்டுவராது. பணம் வருவதற்கு மூன்று வழிகள் உண்டு: தானே செய்து விற்பது, உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பிறருக்கு அனுமதி கொடுத்து ரோயல்டி வாங்குவது, அல்லது முழு உரிமையையும் ஒரேயடியாக விற்பது. ஹன்ட் பெரும்பாலும் மூன்றாவது வழியிலேயே போனார். ஹோவ் இரண்டாவது வழியைப் பிடித்தார். இருவரின் வாழ்க்கையும் பிரிந்த இடம் அதுதான்.

இலங்கையில் நிலைமை

இலங்கையில் இது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பங்களைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் ஏற்கிறது. காப்புரிமைக் காலம் 20 ஆண்டுகள். இடையில் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினால் உரிமை காலாவதியாகும். கண்டுபிடிப்பாளர்களை ஊக்குவிக்க 1979 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழுவும் இருக்கிறது. ‘சஹசக் நிமவும்’ என்ற தேசியக் கண்டுபிடிப்புப் போட்டியையும் கண்காட்சியையும் அது நடத்துகிறது.

நமது மாணவர் ஒருவர் நெல் உலர்த்தும் கருவியோ, தேங்காய் உரிக்கும் பொறியோ செய்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? பாடசாலைக் கண்காட்சியில் வைக்கப்படுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. முகநூலில் காணொளி பரவுகிறது. பாராட்டு விழா, பொன்னாடை, கேடயம். காப்புரிமை பற்றிய யோசனை வந்தால் அதற்குப் பிறகுதான் வருகிறது. பொருள் ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்துவிட்டதால் அதன் புதுமைத்தன்மை அங்கேயே கேள்விக்குறியாகிறது. கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் இலங்கைச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பிய நாடுகளில் அப்படியான பொது அவகாசம் கிடையாது. முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம் என்ற ஒழுங்கை ஆசிரியர்களும் பெற்றோரும் ஊடகங்களும் நினைவில் வைத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

இன்னொன்று: காப்புரிமை எந்த நாட்டில் பெறப்பட்டதோ அந்த நாட்டில் மட்டுமே செல்லும். கொழும்பில் பெற்ற காப்புரிமையைக் காட்டிச் சென்னையிலோ இலண்டனிலோ ஒருவரைத் தடுக்க முடியாது. இலங்கை 1982 முதல் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் அங்கம் வகிப்பதால், ஒரு சர்வதேச விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் வழியைத் திறந்து வைக்கலாம். ஆனால் இறுதியில் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே கட்டணமும் சட்டத்தரணியும் தேவை. தனிமனிதரால் தாங்கக்கூடிய செலவல்ல அது. எங்கே சந்தை இருக்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலில் செய்தவருக்கா, முதலில் விண்ணப்பித்தவருக்கா உரிமை என்ற பழைய கேள்விக்கும் உலகம் இப்போது பதில் சொல்லிவிட்டது. நீண்டகாலம் முதலில் கண்டுபிடித்தவர் பக்கம் நின்ற அமெரிக்காவும் 2013 மார்ச் முதல், முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்ற முறைக்கு மாறியது. இலங்கையிலும் இருவர் தனித்தனியே ஒரே பொருளைக் கண்டுபிடித்தால் முந்தி விண்ணப்பித்தவருக்கே அது போகும். “நான்தான் முதலில் செய்தேன்” என்பது ஆறுதல் தரலாம், சோறு போடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஹன்டை ஏமாளி என்று எழுதிவிட முடியாது. அவசரத்துக்கு 400 டொலர் தேவைப்பட்டவரிடம் இருபது ஆண்டு காத்திரு என்று புத்தி சொல்வது எளிது. கடனில் இருக்கும் மனிதருக்குச் சட்டம் தரும் உரிமை மட்டும் போதாது. முதல் மாதிரியைச் செய்யச் சிறு முதலீடு, விண்ணப்பம் எழுத உதவி, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாசித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி, எல்லாவற்றையும் அவர் அறிந்த மொழியில் விளக்க ஓர் அலுவலர் வேண்டும். கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ ஒரு பட்டறைக்காரர் இவற்றுக்காகக் கொழும்புக்கு எத்தனை தடவை அலைய வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கெடுத்தால், நமது புத்தாக்கங்கள் எங்கே நின்றுபோகின்றன என்பது தெரிந்துவிடும். மாகாண மட்டத்தில், பல்கலைக்கழகங்களோடு இணைந்து, தமிழில் இயங்கும் ஓர் உதவி மேசையை அமைப்பது பெருஞ்செலவான காரியமல்ல. கேடயங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம்.